பார்த்தீனியத்துக்கு மெக்சிக்கோ வண்டு: யாழ்ப்பாணத்தில் சரிவருமா?

நீர்வேலித் தோட்டம்:
வெங்காயப் பாத்தி வரம்பெல்லாம் பார்த்தீனியக் களை. பிடுங்கிப் பிடுங்கி அம்மாவுக்கு முழங்கை வரை தடித்து, சொறிந்து புண்ணாகிவிட்டது. மருந்தடித்தால் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் கிணற்றுக்குத்தான் போகும். இந்தியாவில் 1984இல் பெங்களூரில் மெக்சிக்கோவிலிருந்து வந்த சைகோகிராம்மா வண்டை விட்டார்கள். வண்டும் புழுவும் சேர்ந்து இலையைத் தின்று செடியை மொட்டையாக்கிவிடும். நாங்களும் அதைக் கேட்டால் என்ன?

உரும்பிராய்க் கமக்காரன்:
தம்பி, அது மழைக்காலத்துப் பூச்சி. ஈரம் குறைந்தால் மண்ணுக்குள் போய் மாதக்கணக்கில் படுத்துவிடும். எங்களுக்கு மழை ஐப்பசி தொடங்கி மார்கழி வரைதான், மிச்சமெல்லாம் கிணற்று இறைப்பு. இறைக்கிற தோட்டத்தில் பார்த்தீனியம் வருடம் முழுக்க முளைக்கும். வண்டு படுத்திருக்கிற மண்ணையோ நாங்கள் போகத்துக்குப் போகம் கொத்திப் புரட்டுவோம். பிறகு அது எங்கே பெருகுவது? இந்தியாவிலேயே சூரியகாந்தி இலையில் அதைக் கண்டு பெரிய சண்டை வந்தது.

நீர்வேலித் தோட்டம்:
சூரியகாந்திக் கதையை முழுதாகச் சொல்லுங்கள் அண்ணை. ஆராய்ந்து பார்த்து, பயிருக்குப் பெரிய ஆபத்தில்லை என்றுதான் முடித்தார்கள். இலங்கைக்கும் இந்த வழி புதிதில்லை. 1860களிலேயே நாகதாளிக் கள்ளியை அழிக்க இந்தியாவிலிருந்து கோச்சினீல் பூச்சி வந்தது. குளங்களை மூடிய சல்வீனியாவுக்கு 1986இல் ஒரு சின்னக் கூன்வண்டை விட்டார்கள், சில வருடத்திலேயே பல இடங்களில் அந்தக் களை அடங்கிவிட்டது.

உரும்பிராய்க் கமக்காரன்:
சல்வீனியா தண்ணீரில் மிதப்பது. அங்கே மண்வெட்டி போகாது. என் தோட்டத்தில் போகும்.

புன்னாலைக்கட்டுவன் அக்கா:
இரண்டு பேரும் பாத்தியையே பார்க்கிறீர்கள். என் வேலிக்கு அந்தப் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர்களின் காணி, பத்து வருடமாக யாரும் கொத்தவில்லை. இடுப்பளவு பார்த்தீனியம், உச்சியெல்லாம் வெள்ளைப் பூ. ஒரு செடியே 15,000 விதைக்கு மேல் போடும். நான் கையுறை போட்டுப் பூக்கமுதல் பிடுங்கினாலும், அடுத்த காற்றுக்கு விதை என் பாத்தியில். வண்டை விடுவதென்றால் அந்த மாதிரிக் காணியில் விட வேண்டும். அங்கே மண்ணை யாரும் புரட்டப்போவதில்லை.

உரும்பிராய்க் கமக்காரன்:
சரி தங்கச்சி, வெறுங்காணி என்றால் யோசிக்கலாம். ஆனால் செவ்வந்தியும் கையாந்தகரையும் பார்த்தீனியத்தின் குடும்பம்தான். அவற்றைக் கூட்டுக்குள் வைத்து, வண்டு வாய் வைக்கிறதா என்று இங்கேயே பார்த்துச் சொல்லட்டும். அதுவரை என் பக்கம் ஒரு வண்டும் வரவேண்டாம்.

நீர்வேலித் தோட்டம்:
அந்தச் சோதனையைத்தான் அண்ணை நானும் கேட்கிறேன். எப்போது தொடங்குவார்கள்? மாரி வரப்போகிறது, அம்மா திரும்பவும் வரம்பில் குந்தப்போகிறா.