மறு: நைட்ரேட்டை உறிஞ்சியபின் நடப்பதற்கு என்ன பெயர்?

> வேரால் எடுப்பதற்கும் உடலில் சேர்ப்பதற்கும் ‘ஏற்பு’ என்ற ஒரே சொல் போதாதா?

போதாது ஐயா. மண்ணிலிருக்கும் நைட்ரஜன் சத்தான நைட்ரேட்டைச் செடி வேரால் எடுப்பது ஒன்று, அதைத் தன் உடலில் சேர்ப்பது (assimilation) வேறொன்று; இரண்டுக்கும் தனித்தனித் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘ஏற்பி’யை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டோம் என்பது சின்னக் காரணம். பெரிய காரணத்தைச் செடிகளே காட்டுகின்றன.

குப்பைமேட்டில் மண்டும் குப்பைக்கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். வளமான மண்ணில் அது நைட்ரேட்டை வாரி இழுத்து, ஒரு பகுதியை அப்படியே செல்லின் வாக்குவோலில் (செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பை) தேக்கிவைக்கிறது. செடிக்குள் வந்தாயிற்று, இன்னும் செடியாகவில்லை. எலக்ட்ரான் கொடுத்து மாற்றுவதுதான் ‘ஒடுக்கம்’: ஒடுக்கி நொதி 2 எலக்ட்ரான் கொடுத்து அதை நைட்ரைட்டாக்க வேண்டும். அடுத்த நொதி 6 கொடுத்து அம்மோனியமாக்க வேண்டும். பிறகு புரதத்தின் கட்டுமானக் கல்லான அமினோ அமிலத்தில் சேர்க்க வேண்டும். உறிஞ்சியது ஒரு நாள், இது வேறொரு நாள் என்றுகூட ஆகலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லா?

அமில மண்ணில் வளரும் ஹெதர், புளூபெரிப் புதர்களில் இந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. அங்கே நைட்ரேட் உருவாவதே மெதுவாகத்தான்; கிடைப்பது பெரும்பாலும் அம்மோனியம். அது மிகுந்தால் நஞ்சு என்பதால் தேக்கிவைக்க வழியில்லை, வேரிலேயே உடனுக்குடன் மாற்றியாக வேண்டும். ஆர்க்டிக் தூந்திராவின் பருத்திப்புல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது கிளைசின் என்ற அமினோ அமிலத்தை அப்படியே உறிஞ்சும் என்பது 1993-இல் வெளியான ஆய்வு.

‘செரிப்பு’ நாவில் எளிதாக வருகிறது, ஆனால் செரிப்பது சிதைப்பது. இங்கே நடப்பது கட்டுவது. பாடநூலின் ‘தன்மயமாதல்’ எனக்குத் தியான வகுப்பைத்தான் நினைவூட்டுகிறது. ஆகவே எடுப்பதற்கு ‘உறிஞ்சல்’, சேர்ப்பதற்கு ‘உடலாக்கம்’ என்று முன்மொழிகிறேன். வினையாகவும் நடக்கும்: ‘குப்பைக்கீரை நைட்ரேட்டைப் பெரும்பாலும் இலையில் உடலாக்குகிறது.’

> உடற்பயிற்சிக் கூடத்தின் பெயர்ப்பலகை போல் இருக்கிறதே! செடிக்கு ஏது உடல்?

சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ‘தாவர உடலம்’ என்று நாம் எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம்?

> சரி, அது இருக்கட்டும். பருத்திப்புல்லின் கிளைசினுக்கு உங்கள் சொல் பொருந்துமா?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஒடுக்கும் வேலை அங்கே தேவையில்லை. ஆனால் உள்ளே வந்த கிளைசின் அந்தப் புல்லின் புரதத்தில் சேரும்வரை மண்ணின் கிளைசின்தான். சேரும் அந்தக் கடைசிப் படி எல்லாச் செடிக்கும் பொது என்பதால் சொல் அங்கும் நிற்கும். ‘ஒடுக்கம்’ என்பதை மட்டும் நைட்ரேட்டுக்கெனத் தனியே வைத்துக்கொள்வோம்.