கலைச்சொல் தேவை: பளுப்பயிற்சிக்குப் பின் குடிக்கும் ‘புரோட்டீன் ஷேக்’

உயிரியல் ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பாலக்காட்டு எல்லையிலுள்ள எங்கள் தமிழ்வழி மேல்நிலை வகுப்புப் பையன்கள் பலர் சாயங்காலம் ஜிம்முக்குப் போகிறார்கள். நல்ல பழக்கம்தான். சேர்ந்த மாதத்திலேயே டப்பாவில் விற்கும் புரோட்டீன் பொடியும் வாங்கிவிடுகிறார்கள். எவ்வளவு குடிக்க வேண்டும், எப்போது குடிக்க வேண்டும், குடிக்கத்தான் வேண்டுமா என்று அவர்களுக்குச் சொல்கிற ஒரே ஆள் டப்பா விற்கிறவர். அதனால் இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். மலையாளப் பிரிவுக்கு எழுதும் சக ஆசிரியர் முடித்தே விட்டார்: புரோட்டீனுக்கு ‘மாம்ஸ்யம்’, ஷேக்குக்கு ‘ஷேக்’. நமக்குப் ‘புரதம்’ பாடநூலில் இருக்கிறது, ஷேக்குக்குத்தான் சொல் இல்லை.

முதல் பத்தி இப்படி நிற்கிறது:

> பளுப்பயிற்சி முடிந்து அரை மணிக்குள் ________ குடிக்காவிட்டால் பயிற்சி வீண் என்பது சரியல்ல. நாள் முழுவதும் உணவில் சேரும் மொத்தப் புரதமே முதன்மை. ஒரு வேளைக்கு 20 முதல் 40 கிராம் புரதம் போதும். இரண்டு முட்டையில் சுமார் 12 கிராம் இருக்கிறது. நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம்.

கோடிட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள். கூடவே பாலிலிருந்து எடுக்கும் ‘வே’ புரோட்டீன், பொடியைக் குலுக்கிக் கலக்கும் ஷேக்கர் பாட்டில் இரண்டுக்கும் சொல் வேண்டும். ‘புரதக் கரைசல்’ என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அது வேதியியல்படி கரைசல் அல்ல, கூழ்மம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நகரி எழுதியது:

அன்புள்ள ஆசிரியர்க்கு,

நல்ல பணி. ஆனால் அடியிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. ‘புரதம்’ என்பதே புரோட்டீனின் ஒலியைத் தமிழ் உடுத்திக் கொண்டுவந்த சொல். மூலச்சொல்லை 1838இல் சுவீடன் வேதியியலர் பெர்சீலியசு முன்மொழிந்தார், டச்சு வேதியியலர் முல்டர் எடுத்தாண்டார். கிரேக்கத்தில் அதற்கு ‘முதன்மையானது’ என்று பொருள். பொருளைப் பெயர்த்திருந்தால் நமக்கு வேறொரு சொல் கிடைத்திருக்கும். அது போகட்டும், ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க நான் வரவில்லை.

ஷேக்கை அப்படியே எழுதலாமா? வடவெழுத்து நீக்கினால் ‘சேக்கு’ ஆகும். சங்கச் செய்யுளில் சேக்கை படுக்கை. உடற்பயிற்சி செய்தவனைப் படுக்க வைத்துவிடுவோம்.

என் பரிந்துரை பின்னுணி. உண்ணல் என்பது பழந்தமிழில் நீருக்கும் கள்ளுக்கும் உரியது. ஊரார் உண்ணும் நீர்நிலை ஊருணி. பயிற்சிக்குப் பின் உண்ணப்படுவது பின்னுணி. சிறியது, தமிழானது, புணர்ச்சியும் குறையில்லாதது.

ஜிம் பயிற்றுநர், வேலந்தாவளம் எழுதியது:

ஐயா, மாஷே, ரெண்டு பேருக்கும் வணக்கம். நான் தமிழ் படிச்சவன் இல்ல, இந்தப் பையன்களோட தினமும் நிக்கிறவன்.

பின்னுணி வேண்டாங்க ஐயா. உண்ணின்னா இங்க வீட்டுக்கு வீடு பையன் பேரு. மாட்டு மேல ஒட்டுறதும் உண்ணிதான். கேட்டவன் அந்த ரெண்டுல ஒண்ணத்தான் நினைப்பான்.

எங்க ஜிம்முல பாதி கோயமுத்தூர்ப் பக்கம், பாதி பாலக்காட்டுப் பக்கம். பசங்க பொடி பாட்டிலைக் கையில எடுத்தா “அண்ணா, குலுக்கிட்டு வரேன்”னுதான் சொல்றாங்க. ரோட்டோரம் குலுக்கி சர்பத் கடை இருக்கு. எலுமிச்சை, சப்ஜா விதை, கீறின பச்சமிளகா எல்லாம் போட்டு ரெண்டு டம்ளரைக் கவுத்து அடிச்சுத் தர்றது. அதக் குடிக்காத பையன் இங்க கிடையாது. புரதக் குலுக்கின்னு போடுங்க. ஒரு தடவ சொன்னா புரியும்.

இன்னொண்ணு. பளுப்பயிற்சின்னு போட்டா கம்பி தூக்குறது மட்டும்னு ஆயிரும். தண்டால், பஸ்கி எடுக்கிறவனும் அதே வேலையத்தான் செய்யறான், அவன்கிட்டப் பளு ஏது? வலுப்பயிற்சின்னு மாத்துங்க.

அறிக்கைல இதையும் சேருங்க: தண்ணிய முதல்ல ஊத்தணும், பொடிய அப்புறம் போடணும். மாத்திப் போட்டா அடியில அப்பிக்கும், உள்ள கிடக்கிற கம்பி உருண்டை எத்தன தடவ ஆட்டுனாலும் அந்தக் கட்டி உடையாது. பசங்க கட்டியோட முழுங்கிட்டு வயிறு உப்பிடுச்சுன்னு வந்து நிக்கிறாங்க.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நகரி எழுதியது:

பயிற்றுநர் தம்பிக்கு, வலுப்பயிற்சி மிகச் சரி. பகரம் மிகுந்து எழுத வேண்டும், அவ்வளவே.

‘குலுக்கி’யை மட்டும் ஏற்பதற்கில்லை. ‘குலுக்கி சர்பத்’ என்னும் தொடரில் குலுக்கி வினையெச்சம், ‘குலுக்கிவிட்டு’ என்று பொருள். எச்சம் பெயரைத் தழுவ வேண்டுமானால் ‘குலுக்கிய’ என்று பெயரெச்சமாக வேண்டும். பெயர்ச்சொல்லாகக் கொண்டால் கொசுவிரட்டி, இடிதாங்கி போலக் குலுக்குகிற ஆளையோ கருவியையோ குறிக்கும். அதாவது பாட்டில்தான் குலுக்கி, உள்ளே இருக்கும் பானம் குலுக்கி ஆகாது. மலைநாட்டு வழக்கை இலக்கணம் பாராமல் ஏற்றிக்கொள்வது முறையன்று.

மொழிபெயர்ப்பாளர், குப்பம் எழுதியது:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் மடலிலேயே விடை இருக்கிறது. ஊருணியில் இகர விகுதி என்ன பொருளில் வந்தது? செயப்படுபொருளில். மண்வெட்டியில் கருவிப்பொருளில். ஒரே விகுதி இரண்டுக்கும் வரும் என்று நாம் எல்லோரும் படித்ததுதானே. உண்ணப்படுவது உணி என்றால் குலுக்கப்படுவது ஏன் குலுக்கி ஆகக் கூடாது?

ஏட்டுச் சான்று போதாதென்றால் தோசைக்கல்லைப் பாருங்கள். கொங்குநாட்டுக் கடைகளில் முட்டையை உடைத்து, சால்னா விட்டு, அரைவேக்காட்டில் சுருட்டித் தருவதற்குப் பெயர் கலக்கி. கலக்குகிற ஆளுக்கும் கரண்டிக்கும் அந்தப் பெயர் இல்லை, தட்டில் வந்து விழுகிற பண்டத்துக்குத்தான் இருக்கிறது. யாரும் உட்கார்ந்து ஆக்கிய சொல் இல்லை அது, ஆனால் இலக்கணம் பிசகவில்லை.

மலைநாட்டு வழக்கு என்று தள்ளுவதும் எனக்கு வருத்தம். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காக வகுத்துத் திசைச்சொல்லுக்கு இடம் வைத்தது தொல்காப்பியம். குடநாட்டார் தந்தையை அச்சன் என்பர் என்று உரைகாரர்கள் எடுத்துக்காட்டினார்கள், ஒதுக்கவில்லை. எல்லையில் வாழ்கிற நமக்கு அந்த வாசல்தான் முதல் வாசல். அதிலும் குலுக்குதல் அசல் தமிழ் வினை. நம் சொல் பக்கத்து வீட்டுக்குப் போய்த் திரும்புகிறது.

புரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒலியை ஒட்டி வந்தாலும், புரத்தல் என்றால் காத்தல். புரவலன் அதிலிருந்து வந்தவன். உடலைக் காப்பது புரதம் என்று படிக்கிறவனுக்குத் தானே தோன்றிவிடுகிறது. மலையாளத்து மாம்ஸ்யத்திலும் தெலுங்கின் மாம்ஸக்ருத்துலுவிலும் மாமிசம் உட்கார்ந்திருக்கிறது. கடலையிலும் கொள்ளிலும் பாலிலும் இருப்பதை இறைச்சியின் பெயரால் சொன்னால், இறைச்சி தின்னாத வீட்டுப் பிள்ளை தனக்கு அது இல்லை என்றுதானே எண்ணும்? இந்த ஒரு சொல்லில் நாம் அண்டை வீட்டாரைவிட நன்றாகச் செய்திருக்கிறோம்.

உணவியலாளர், களியக்காவிளை எழுதியது:

சகோதரர்களே, ‘வே’யை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். அதுதான் டப்பாவில் பெரிய எழுத்தில் இருக்கிறது.

பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசீன், மீதி 20 வே. பாலைத் திரியவைத்துக் கட்டியை எடுத்த பிறகு நிற்கிற இளமஞ்சள் நீரில் இருப்பது இந்த 20. அதை வடிகட்டி, உலர்த்திப் பொடியாக்கி விற்கிறார்கள். தயிரை வெட்டி வைத்தால் ஓரத்தில் ஊறி நிற்கும் நீரும் இந்த வகைதான். ஆகவே பால்தெளிவுப் புரதம் என்று போடலாமே.

குலுக்கிக்கு என் ஓட்டு இல்லை. சர்பத் என்றால் சர்க்கரை. ‘புரதக் குலுக்கி’ என்று படிக்கிற பிள்ளை இனிப்புப் பானம் என்று எடுத்துக்கொண்டால் என் வேலை இரட்டிப்பாகும். ‘புரதக் குலுக்கல்’ என்று யாராவது திருத்தினால் அது லாட்டரி. 1967 முதல் அரசே சீட்டு விற்கிற கேரளத்தில் உட்கார்ந்து அதை அச்சடிக்க வேண்டாம். எளிமையாகப் புரதப் பானம்.

உயிரியல் ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை எழுதியது:

அக்கா, ‘தெளிவு’ எங்கள் பக்கம் நிற்காது. கொங்குப் பேச்சில் தெளுவு என்றால் பதநீர். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரம் பூராவும் தென்னையும் பனையும் ஏறுகிற ஊர். ‘பால்தெளிவு’ என்று எழுதினால் பாலில் பதநீர் கலந்ததா என்று வகுப்பில் முதல் கேள்வியே வரும்.

மொழிபெயர்ப்பாளர், குப்பம் எழுதியது:

இங்கே ஓர் அழகு இருக்கிறது, சொல்லாமல் விட மனம் வரவில்லை. பால் கெட்டால் நாம் ‘திரிஞ்சு போச்சு’ என்கிறோம். மலையாளத்தில் ‘பிரிஞ்ஞு’. எங்கள் ஊர்த் தெலுங்கில் ‘விரிகாயி’. ஒருவர் கண்ணுக்கு அது திரிந்தது, ஒருவருக்குப் பிரிந்தது, ஒருவருக்கு உடைந்தது. ஒரே பானை, ஒரே பால். தெலுங்கில் வேயை ‘பால விருகுடு’ என்றே சொல்கிறார்கள், அந்த வினையிலிருந்தே பெயர். நாமும் வினையிலிருந்து எடுத்தால் திரிநீர். ‘திரிநீர்ப் புரதம்’. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். தெளுவோடு மோதாது. கொழுப்புக்கு மலையாளத்திலும் கொழுப்பு, தெலுங்கில் கொவ்வு என்று மூன்று வீட்டிலும் ஒரே வேர் ஓடுகிறதே, அதுபோல இதற்கும் ஒன்று அமைந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நகரி எழுதியது:

திரிநீர் அருமை. முழு மனத்தோடு ஏற்கிறேன். ஊருணி பற்றிய விடையும் நேர்மையான விடை. கலக்கியை நான் எண்ணவில்லை. ஆனால் இலக்கணம் இடம் கொடுப்பதாலேயே ஒரு சொல் தகுதி பெற்றுவிடாது. கடைத்தெருப் பெயர் கடைத்தெருவில் இருக்கட்டும். பாடத்துக்கு ஒரு நிமிர்வு வேண்டும்.

ஜிம் பயிற்றுநர், வேலந்தாவளம் எழுதியது:

ஐயா, நிமிர்வு பசங்களுக்கு வந்தாப் போதும்னு நினைக்கிறவன் நான். திரிநீர்னா கெட்டுப்போன பால் தண்ணின்னு நினைச்சு, மூவாயிரம் குடுத்து வாங்கினவன் என்கிட்ட சண்டைக்கு வருவான். அவன் கையில இருக்கிற டப்பாவுல ‘வே’ன்னு போட்டிருக்கு. நீங்களும் ‘வே’ன்னு போட்டாத்தான் அவன் ரெண்டையும் சேத்துப் பாப்பான். கோவிச்சுக்காதீங்க.

உணவியலாளர், களியக்காவிளை எழுதியது:

ஜிம் மாஸ்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ‘வே எனப்படும் திரிநீர்ப் புரதம்’ என்று ஒரு முறை எழுதிவிட்டு, மற்ற இடங்களில் வே என்றே விடலாம்.

மாஷே, சொல்லைவிட முக்கியமான ஒன்று. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. (அந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில்தான் தொடங்கியது, 1958இல்தான் ஐதராபாத் போனது.) சாதாரண ஆளுக்கு நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது அவர்கள் கணக்கு, அறுபது கிலோப் பையனுக்கு ஏறக்குறைய 50 கிராம். தீவிரமாக வலுப்பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை என்று விளையாட்டு ஊட்டவியலார் சொல்கிறார்கள். இரண்டையும் போடுங்கள். ஒன்றை மறைத்து ஒன்றைச் சொன்னால் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள். வாங்குகிறவன் டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

உயிரியல் ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை எழுதியது:

அச்சகத்தார் மாலைக்குள் கேட்கிறார். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வலுப்பயிற்சி: மறுப்பில்லை. வே: அக்கா சொன்னபடி. ஷேக்குக்கு மடல் எழுதியவர்களையும் தனியாகச் சொன்னவர்களையும் சேர்த்தால் புரதப் பானத்துக்கே ஆள் அதிகம். அதில் யாருக்கும் பெரிய ஆசை இல்லை, ஆனால் யாருக்கும் புரியாமல் போகாது. குலுக்கியை விட எனக்கு மனமில்லாததால், பாட்டிலுக்கு ‘குலுக்குக்குப்பி’ என்று வைத்திருக்கிறேன். தண்ணீர் முதலில், பொடி பிறகு என்பதைப் படம் போட்டே சேர்த்துவிட்டேன். அக்கா சொன்ன எண்கள் எல்லாம் இரண்டாம் பக்கத்தில்.

ஜிம் பயிற்றுநர், வேலந்தாவளம் எழுதியது:

எனக்கு அம்பது காப்பி எடுத்து வைங்க மாஷே. கண்ணாடிப் பக்கத்துல ஒட்டிடுறேன். பசங்க குலுக்கின்னுதான் சொல்லுவாங்க, நானும் அப்படித்தான் சொல்லுவேன், அத மட்டும் இப்பவே சொல்லிடுறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நகரி எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ‘பானம்’ வடசொல் என்ற என் மறுப்பு குழுவின் பதிவில் இருக்கட்டும். பருகு என்னும் வினை நம்மிடம் இருக்க அதைத் தொடாமல் விட்டது எனக்கு ஆறவில்லை. ‘புரதப் பருகம்’ என்பதை மறுபதிப்புக்காவது எடுத்துக்கொள்ளுங்கள்.

குலுக்குக்குப்பி சரி. தூக்குக்கயிறு போல வன்தொடர்க் குற்றியலுகரத்தின் முன் ககரம் மிகும். வினைத்தொகை என்று எண்ணி யாராவது ஒற்றை எடுத்துவிடப் போகிறார்கள். மெய்ப்பு வந்தவுடன் எனக்கு அனுப்புங்கள், இரவானாலும் பார்த்துத் தருகிறேன்.