பெல்லட் அடுப்பின் கண்ணாடி ஒரே நாளில் கறுத்துவிடுகிறது: துடைக்கும் முறை தவறா, அடுப்பில் கோளாறா?

வடகாற்று எழுதியது:

வணக்கம். ஒட்டாவா நகருக்கு வெளியே, எரிவாயுக் குழாய் வராத ஒரு கிராமப்புற வீட்டிற்கு இந்த இலையுதிர்காலத்தில்தான் குடிவந்தோம். முன்பு இருந்தவர்கள் விட்டுச்சென்ற பெல்லட் அடுப்புதான் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரிப்பது) கீழ்த்தளம் முழுவதற்கும் சூடு தருகிறது. அடுப்பு அணையாமல் எரிகிறது. ஆனால் அதன் கதவுக் கண்ணாடியைக் காலையில் பளிச்சென்று துடைத்து வைத்தாலும், இரவு படுக்கப் போவதற்குள் உள்ளே தீ எரிகிறதா என்பதே தெரியாத அளவுக்குக் கறுத்துவிடுகிறது. ஜன்னல் துடைக்கும் நீலத் திரவத்தைத் தெளித்துத் தேய்த்தால் கரி இழுபடுகிறதே தவிர முழுமையாகப் போவதில்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் போட்டுத் தேய்க்கலாம் என்கிறார் மனைவி. எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அறிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தணல் எழுதியது:

கம்பி நார் வேண்டாம், பிளேடும் வேண்டாம். அது ஜன்னலில் போடும் கண்ணாடி அன்று. பல நூறு டிகிரி வெப்பத்தைத் தாங்கும் செராமிக் கண்ணாடி. சூட்டைத் தாங்குமே தவிரக் கீறலைத் தாங்காது. கீறல் விழுந்த இடத்தில் அடுத்த முறை கரி இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். அமோனியா கலந்த ஜன்னல் திரவத்தையும் பல அடுப்புக் கையேடுகள் தவிர்க்கச் சொல்கின்றன.

தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அடுப்பு முழுவதும் ஆறிய பிறகு, சமையலறைக் காகிதத்தையோ பழைய செய்தித்தாளையோ நனைத்துப் பிழிந்து, சாம்பல் தட்டில் உள்ள மிக மென்மையான சாம்பலில் ஒற்றி, வட்டவட்டமாகத் தேய்க்கவும். மரச்சாம்பல் காரத்தன்மை உடையது என்பதால் கண்ணாடியில் ஒட்டிய தாரை இளக்கிவிடும். சாம்பலையும் புளியையும் கொண்டு பாத்திரம் துலக்கிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, நெருநெருவென்று கற்துகள் தட்டுப்பட்டால் அந்தச் சாம்பலை விட்டுவிடுங்கள். பிறகு ஈரத்துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். கண்ணாடியைச் சுற்றி, காற்று புகாமல் அடைக்கும் காஸ்கெட் கயிற்றில் மட்டும் தண்ணீர் இறங்கக் கூடாது.

ஆல்ப்ஸ் அடிவாரம் எழுதியது:

தணல் சொன்ன முறை சரியானது. ஆனால் ஒரே நாளில் கறுக்கும் கண்ணாடியை எந்த முறையில் துடைத்தாலும் மறுநாள் அதே வேலைதான். வட இத்தாலியில் நான் இருக்கும் பகுதியில் பெல்லட் அடுப்பு வீட்டுக்கு வீடு உண்டு. இங்கே அடுப்பு பழுது பார்ப்பவர்கள் வந்ததும் கண்ணாடியின் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஊதினால் பறக்கும் வெளிர்சாம்பல் படலம் இயல்பானது. காகிதத்தில் மை போல வரும் கருமை, காற்று போதாமல் எரிகிறது என்பதற்கு அடையாளம். பழுப்பாகப் பிசுபிசுத்தால் பெல்லட் ஈரம் வாங்கியிருக்கலாம், அல்லது அடுப்பு நெடுநேரம் மிகக் குறைந்த தீயில் எரிந்திருக்கலாம்.

பெரும்பாலான அடுப்புகளில் கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும். அதன் வழியே வரும் காற்று திரைபோலக் கண்ணாடியின் மேல் இறங்கி, புகையை அண்டவிடாமல் தள்ளும். புகையை வெளியே இழுக்கும் புகைவிசிறியின் இழுப்பு குறைந்தாலும், அந்த இடைவெளியில் சாம்பல் அடைத்தாலும் அந்தத் திரை இல்லாமற்போகும். உங்கள் அடுப்பில் தீ எப்படி எரிகிறது, பெல்லட் விழுந்து எரியும் எரிகிண்ணத்தின் அடித்துளைகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வடகாற்று எழுதியது:

இருவருக்கும் நன்றி. சாம்பல் முறையில் கண்ணாடி முற்றிலும் சுத்தமாகிவிட்டது. தீயைப் பொறுத்தவரை, நீளமாக, ஆரஞ்சு நிறத்தில், சோம்பலாக ஆடுகிறது. நுனியில் கரும்புகை தெரிகிறது. எரிகிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கட்டி போல இறுகிய சாம்பல் ஓடு படிந்திருக்கிறது. துளைகளில் பாதிக்கு மேல் தெரியவே இல்லை. பெல்லட் மூட்டைகளைக் கார் ஷெட்டில், சிமென்ட் தரைமீது அடுக்கியிருக்கிறோம்.

ஆல்ப்ஸ் அடிவாரம் எழுதியது:

காற்றுக்கு ஏங்கும் தீ அப்படித்தான் ஆடும். நல்ல தீ குட்டையாக, வெளிர்மஞ்சளாக, துடிப்பாக எரியும். நீங்கள் சொல்லும் அந்த இறுகிய சாம்பலை இங்கே கிளிங்கர் என்பார்கள். பெல்லட்டில் மண்ணோ மரப்பட்டையோ அதிகமாக இருந்தால் சாம்பல் உருகி இப்படி இறுகும். கிண்ணத்தை வெளியே எடுத்து அந்தக் கிளிங்கரைச் சுரண்டி, ஒவ்வொரு துளையையும் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கிண்ணம் உட்காரும் இடத்தின் அடியிலும் சாம்பலை நீக்குங்கள். பலரும் மறந்துவிடும் இடம் அதுதான். பிறகு புகைக்குழாயையும் விசிறி இதழ்களையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். முந்தைய குடும்பம் கடைசியாக எப்போது செய்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதல்லவா?

அடுத்த மூட்டையை வேறு தரத்தில் வாங்கிப் பாருங்கள். ஐரோப்பாவில் பெல்லட்டுக்குத் தரும் ஈஎன்பிளஸ் ஏ1 என்ற தரச்சான்றுக்குச் சாம்பல் 0.7 சதவீதத்தையும் ஈரம் 10 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. உங்கள் பக்கத்து மூட்டைகளிலும் சாம்பல் அளவு அச்சிடப்பட்டிருந்தால், 1 சதவீதத்துக்குக் குறைவானதையே எடுங்கள். மூட்டைகளைச் சிமென்ட் தரையில் நேரடியாக வைக்காமல் மரப்பலகை மீது அடுக்குவது நல்லது.

தணல் எழுதியது:

காஸ்கெட்டையும் சோதித்துவிடுங்கள். ஒரு காகிதத் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக நின்றால் சரி. எளிதாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கயிறு தளர்ந்துவிட்டது என்று பொருள். புகைவிசிறி அடுப்புக்குள்ளிருந்து இழுப்பதால், கிண்ணத்தின் துளை வழியே போக வேண்டிய காற்று அந்த இடைவெளியில் புகுந்து, தீயைத் தொடாமலே வெளியேறிவிடும். கண்ணாடி ஒரு மூலையில் மட்டும் வேறுவிதமாகக் கறுத்தால் முதலில் அந்த மூலையைச் சந்தேகிக்கவும்.

இன்னொன்று: துளைகளைக் குத்தி எடுத்த சாம்பலை வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம். வெளியே ஆறியது போலத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு நெடுநேரம் உயிரோடு இருக்கும். காற்று பட்டதும் பைக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். சாம்பலுக்கென்றே விற்கும் வாக்குவத்தை வாங்குங்கள், அல்லது தகரக் கரண்டியால் அள்ளி, மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே மரத்தளத்தில் அல்லாமல் தரையில் வையுங்கள்.