43 இன்ச் பழைய எல்இடி டிவி: ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா? மாற்றினால் ஓஎல்இடியா, மினி எல்இடியா?

கதிரொளி:
வணக்கம். இப்போது இருப்பது 43 இன்ச், 1080பி, 60 ஹெர்ட்ஸ் எல்இடி டிவி, 9 வருடப் பழசு. சோபாவிலிருந்து திரை 2.4 மீட்டர். ஹாலில் பக்கவாட்டில் பெரிய ஜன்னல், பகலில் திறந்தே இருக்கும். பகல் முழுக்கச் செய்தி சேனல், இரவில் படம், வார இறுதியில் கேம் கன்சோல். பிரச்சினை இரண்டு: ஆப்கள் திறக்க ரொம்ப நேரம் எடுக்கிறது, திரையின் கீழ் இடது மூலை மங்கலாகத் தெரிகிறது. சரிசெய்து ஓட்டலாமா? மாற்றினால் ஓஎல்இடி, மினி எல்இடி, கியூஎல்இடி மூன்றில் எது? 55 போதுமா, 65 வேண்டுமா?

மின்பலகை:
ஆப் பிரச்சினைக்காக டிவியை மாற்றவே வேண்டாம். உள்ளே இருக்கும் சிப்பும் மெமரியும் பழசு, அவ்வளவுதான். எச்டிஎம்ஐயில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் (ஆப்களைத் தானே ஓட்டும் சிறு கருவி) செருகினால் தீர்ந்தது. டிவியின் யுஎஸ்பி போர்ட்டிலிருந்து அதற்குக் கரன்ட் எடுக்காதீர்கள். பழைய டிவியில் அது பெரும்பாலும் 0.5 ஆம்பியர்தான் தரும், ஸ்டிக் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும். கூட வரும் அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

மங்கல் வேறு விஷயம். திரை முழுக்க வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, பேக்லைட்டை (திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் எல்இடிகள்) உச்சத்தில் வைத்துப் பாருங்கள். வட்டமான நிழல் என்றால் அந்த இடத்து எல்இடி ஷார்ட் ஆகியிருக்கிறது, அதாவது எரியாமல் மின்சாரத்தை மட்டும் கடத்துகிறது. ஒரு ஸ்ட்ரிப்பில் (நீளப் பட்டை) எல்இடிகள் வரிசையாகத் தொடுத்திருக்கும். ஒன்று ஷார்ட் ஆனால் அது மட்டும் அணையும், மற்றவை எரியும். அதே எல்இடி ஓப்பன் ஆனால், அதாவது மின்சாரப் பாதை அறுந்தால், கதை மாறிவிடும். டிவி போட்டதும் இரண்டு நொடி படம் வந்து அணையும், சத்தம் மட்டும் ஓடும். அப்போது இருட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் படம் லேசாகத் தெரியும். தெரிந்தால் பேனல் (படம் காட்டும் கண்ணாடித் திரை) நன்றாக இருக்கிறது, போனது பேக்லைட்தான். மங்கலோடு நீலச்சாயமும் சேர்ந்திருந்தால் எல்இடிகளின் நீல ஒளியை வெள்ளையாக்கும் பாஸ்பர் பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மாற்றுவதென்றால் எல்லா ஸ்ட்ரிப்பையும் செட்டாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த பழசு சீக்கிரம் போகும், பழசுக்கும் புதுசுக்கும் வெளிச்சமும் ஒத்துப்போகாது. இந்த வேலையில் உண்மையான ஆபத்து பேனலைத் தூக்குவதில்தான் இருக்கிறது. கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ரிப்பன்களில் ஒன்று இழுபட்டாலும் செங்குத்துக் கோடு விழுந்துவிடும், அதற்கு மருந்து கிடையாது. எனவே ஏற்கெனவே கோடு விழுந்த டிவியில் ஸ்ட்ரிப் மாற்றுவது வீண் செலவு.

கரும்புள்ளி:
கியூஎல்இடியைத் தனி வகையாக எண்ண வேண்டாம். நீல எல்இடி பேக்லைட்டுக்கு முன்னால் குவாண்டம் டாட் ஷீட் ஒன்றை வைத்த எல்சிடிதான் அது; உங்கள் பழைய எல்இடி டிவியும் எல்சிடிதான். சிவப்பும் பச்சையும் இன்னும் சுத்தமாக வரும். கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்கும் என்பதை அந்தப் பெயர் சொல்லாது.

எல்சிடியில் முதலில் பார்க்க வேண்டியது ஐபிஎஸ், விஏ என்ற இரண்டில் எந்த வகைப் பேனல் என்பது. ஐபிஎஸ் என்றால் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) சுமார் 1000:1, விஏ என்றால் 3000:1 முதல் 5000:1 வரை. விளக்கணைத்துப் படம் பார்த்தால் ஐபிஎஸ்ஸில் இரவுக் காட்சி சாம்பலாகத் தெரிவது இதனால்தான். விஏயில் குறை வேறு: பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். சோபாவின் கோடியில் ஆள் உட்காருவார்கள் என்றால் இதைக் கணக்கில் எடுங்கள்.

அடுத்தது பேக்லைட் எத்தனை மண்டலமாகப் பிரிந்து மங்குகிறது என்பது. மினி எல்இடியின் பலமே இதுதான். குட்டிக் குட்டி எல்இடிகள் நூற்றுக்கணக்கில், உயர் மாடல்களில் ஆயிரக்கணக்கில் மண்டலங்களாகப் பிரிந்து எரியும். ஆனால் 4கே திரையில் புள்ளிகள் சுமார் 83 லட்சம். ஒரு மண்டலத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கான புள்ளிகள் வருகின்றன. அதனால்தான் கறுப்புப் பின்னணியில் வெள்ளை சப்டைட்டில் வந்தால் எழுத்தைச் சுற்றி வெளிச்சம் கசியும். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைவதால் இந்தக் கசிவுக்கே இடமில்லை. இருட்டறையில் படம் பார்க்க அதை மிஞ்ச ஆளில்லை என்பது என் உறுதியான கருத்து.

இருந்தும் உங்கள் வீட்டுக்கு ஓஎல்இடி வேண்டாம் என்பேன். நாள் முழுக்கச் செய்தி சேனல் ஓடினால் சேனல் லோகோவும் கீழே ஓடும் பட்டையும் ஒரே இடத்தில் எரிந்துகொண்டே இருக்கும். ஓஎல்இடியின் கரிமப் பொருள் எரிந்த நேரத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பத் தேயும், தேய்ந்தது திரும்பி வராது. டிவியை அணைத்தபின் நடக்கும் பேனல் சமன்செய்தல் வித்தியாசத்தைக் குறைக்குமே தவிர இழந்ததை மீட்காது. இன்னொன்று, முழுத்திரையும் வெள்ளையாக வரும்போது மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்த ஓஎல்இடி தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜன்னல் வெளிச்சத்தில் இது நன்றாகவே தெரியும். கியூடி-ஓஎல்இடி (குவாண்டம் டாட் சேர்த்த ஓஎல்இடி) என்றால் கூடுதல் சங்கடம்: அதில் வெளி ஒளியின் பிரதிபலிப்பை அடக்கும் போலரைசர் படலம் இல்லாததால் வெளிச்சமான அறையில் கறுப்பு லேசான ஊதாவாகத் தெரியும்.

உங்களுக்கு விஏ பேனல் உள்ள மினி எல்இடிதான் சரி. அட்டைப்பெட்டியில் 'எச்டிஆர்' (வெளிச்சமும் இருளும் அதிக வீச்சில் வரும் படம்) என்று இருப்பதை மட்டும் வைத்து வாங்காதீர்கள். மண்டல மங்கல் இல்லாத 300 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) டிவியும் எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்ட அதனிடம் வெளிச்சம் இருக்காது.

அளவுகோல்:
அளவு பற்றி. சாதாரணப் பார்வை ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும் என்று கொண்டால், 1080பியின் தனிப்புள்ளிகள் திரை உயரத்தைப் போல் 3.2 மடங்கு தூரம் வரை தெரியும். 43 இன்ச்சின் உயரம் 53.5 செ.மீ., எனவே அந்த எல்லை 1.7 மீட்டர். 2.4 மீட்டரில் உட்கார்ந்துகொண்டு அதே 43 இன்ச்சை 4கேயாக மாற்றினால் கூர்மையில் ஒன்றும் கூடாது. 65 இன்ச்சின் உயரம் 81 செ.மீ., எல்லை 2.6 மீட்டர். அங்கேதான் 4கே உங்களுக்குப் பயன்பட ஆரம்பிக்கிறது, அதுவும் கொஞ்சம்தான். 8கே பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பார்வைக் கோணம் 55 இன்ச்சுக்கு சுமார் 28 பாகை, 65க்கு 33. படத்துக்கு 30 பாகை நல்ல இலக்கு, எனவே 65. பல மாடல்களில் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும்; திரை அகலம் மட்டும் 144 செ.மீ. வாங்கும் முன் கால்களுக்கு இடையிலான தூரத்தையும் மேசையையும் அளந்துவிடுங்கள்.

கன்சோலுக்கு 4கே 120 ஹெர்ட்ஸ், விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரை புதுப்பிக்கும் வேகமும் மாறுவது) இரண்டும் வேண்டும். பேனலே 120 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். 'மோஷன் ரேட் 240' போன்ற எண்கள் வெறும் விளம்பரம். பல டிவிகளில் நான்கு எச்டிஎம்ஐயில் இரண்டுதான் 120 ஹெர்ட்ஸ் தாங்கும், அதில் ஒன்றே இ-ஆர்க் (டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒலி அனுப்பும்) போர்ட்டாகவும் இருக்கும். சவுண்ட்பார் அதைப் பிடித்துக்கொண்டால் கன்சோலுக்கு மிஞ்சுவது ஒன்று. எச்டிஎம்ஐ கேபிள் 48 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 48 ஜிகாபிட்) சான்று பெற்றதாக இருக்கட்டும், போர்ட் அமைப்பிலும் உயர் பேண்ட்விட்த் முறையை இயக்குங்கள். பல மாடல்களில் அது அணைந்த நிலையில்தான் வரும்.

கதிரொளி:
நன்றி. வெள்ளைப் படம் போட்டுப் பார்த்தேன். வட்ட நிழல் ஒன்று, மற்ற இடங்களில் நீலச்சாயம். கோடு எதுவும் இல்லை. கடையில் மினி எல்இடியை எப்படிச் சோதிப்பது?

மின்பலகை:
நீலம் பரவிவிட்டதால் ஒரு ஸ்ட்ரிப்போடு போகாது, முழு செட்டும் தேவை. அதற்கான செலவை 43 இன்ச் 1080பியில் போடுவதைவிட இப்போதே மாற்றுங்கள். அதுவரை பேக்லைட்டைப் பாதியாகக் குறைத்து ஓட்டுங்கள், மற்ற எல்இடிகளின் சூடு குறையும்.

கரும்புள்ளி:
கடையில் படம் பெரும்பாலும் நிறத்தையும் வெளிச்சத்தையும் மிகைப்படுத்தும் விவிட் முறையில்தான் ஓடும். சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். பென் டிரைவில் மூன்று படம் கொண்டுபோங்கள்: 5 சதவீதச் சாம்பல், 50 சதவீதச் சாம்பல், கறுப்பு மேல் சின்ன வெள்ளைக் கட்டம். 50 சதவீதத்தில் கறை போன்ற திட்டுகள் தெரிந்தால் பந்து உருளும்போதும் கேமரா நகரும்போதும் அவை கண்ணை உறுத்தும். வெள்ளைக் கட்டத்தை நேரிலும் பக்கத்திலிருந்தும் பாருங்கள், கசிவு பக்கத்தில்தான் அதிகம் தெரியும். ஒரே மாடலில் கூட பேனலுக்குப் பேனல் வேறுபடும் என்பதால், வீட்டுக்கு வந்த டிவியிலும் இதே மூன்று படங்களை ஓட்டிப் பாருங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்.