வீட்டுச் சர்வரை வெளியிலிருந்து பாதுகாப்பாக அணுகுவது எப்படி?

கேள்வி: குடும்பப் படங்களை வைத்திருக்கும் லினக்ஸ் சர்வரை வெளியிலிருந்தும் பயன்படுத்த விரும்புகிறேன். ரவுட்டரில் 22 (தொலைவிலிருந்து உள்நுழைய), 443 (வலைப்பக்கங்களுக்கு) ஆகிய போர்ட்டுகளை, அதாவது இணைப்பு வாசல்களை, திறந்துவிட்டால் போதுமா?

பதில் 1: தயவுசெய்து 22-ஐத் திறக்காதீர்கள், கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி முயற்சிகள் சர்வரின் லாகில் (நிகழ்வுப் பதிவில்) வரிசையாக விழத் தொடங்கிவிடும். வயர்கார்டை (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்கு மறையாக்கப்பட்ட வழி அமைக்கும் விபிஎன் மென்பொருள்) நிறுவி, அதன் யுடிபி (தரவை அனுப்பும் ஒரு முறை) போர்ட்டை (வழக்கமாக 51820) மட்டும் திறந்தால் போதும். உரிய சாவி இல்லாதவர் அனுப்பும் எதற்கும் அது பதிலே தராது என்பதால், துழாவுபவருக்கு அங்கே ஒரு சேவை இருப்பதே புலப்படாது.

பதில் 2: அதற்கு முன் ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இணையப் பக்கம் அதற்குக் கிடைத்திருக்கும் ஐபி முகவரியை, பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், பொது முகவரியைப் பலருடன் பகிர்கிறீர்கள்; போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. அப்படியானால், பகிர வேண்டிய தேவையில்லாத புதிய முகவரி முறையான ஐபிவி6 கிடைக்கிறதா என்று பாருங்கள்.

பதில் 3: படங்கள் என்பதால் சொல்கிறேன்: ஒரே தரவை இரு வட்டுகளில் எழுதிவைக்கும் ரெய்டு அமைப்பு இருந்தாலும், அது பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரு வட்டுகளிலும் அக்கணமே அழிந்துவிடும். எனவே வேறோர் இடத்தில் ஒரு பிரதி கட்டாயம் இருக்கட்டும்.