அம்மா, சித்தி இருவருக்கும் ஒரு ஆலோசகர் தேவை (மதுரை)

வணக்கம். அம்மா இருக்கும்போதே அவளுடைய தங்கையையும் அப்பா கோயிலில் தாலி கட்டிக் கூட்டிவந்தார். 1955 இந்து திருமணச் சட்டப்படி அது செல்லாது. ஆனாலும் அதன் 16-ஆம் பிரிவுப்படி சித்தி மகனான தம்பிக்கு அப்பா சொத்தில் பங்குண்டு. அதில் எனக்கு மனத்தாங்கல் துளியும் இல்லை.

கவலையெல்லாம் அம்மாதான். ஒரே சமையலறை, இரண்டு அடுப்பு. அப்பா யார் கையால் காபி வாங்குகிறார் என்று இந்த வயதிலும் பார்க்கிறாள். அவர் பக்கவாதத்தில் படுத்தபின், மாத்திரை கொடுப்பது யாரென்று தினமும் முகம் தூக்கல். சித்தியும் பாவம், சட்டப்படி அவள் அப்பாவுக்கு வாரிசு இல்லை. அவரை விட்டு ஒருநாளும் நகர்ந்ததில்லை.

வயதானவர்களிடம் பொறுமையாகப் பேசும் பெண் ஆலோசகர் யாரையாவது தெரியுமா? அப்பா நினைவோடுதான் இருக்கிறார். சித்தி கடைசிவரை அந்த வீட்டிலேயே இருக்க, உயில் போதுமா, செட்டில்மென்ட் பத்திரமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.