பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வாஷர் டிரையர் சரிப்படுமா?

மார்த்தாண்டம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். மனைவி நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து வந்து ஆறு மாதம் ஆகிறது, இப்போது இவரும் இரண்டு பிள்ளைகளும் வந்து சேர்ந்தாச்சு, வாடகை வீட்டில் வாஷிங் மெஷின் இல்லை, துவைத்து அதிலேயே காயவும் வைத்துத் தருகிற ஒரே மெஷினாக வாங்கிவிட்டால் இடமும் மிச்சம் காசும் மிச்சம்தானே அண்ணே என்று. இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அப்படி ஒரு மெஷினோடு நான் மூன்று குளிர்காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், அதனால் நீளமாகத்தான் வரும்.

தனி ஆள் என்றாலோ, கணவன் மனைவி மட்டும் சின்ன பிளாட்டில் என்றாலோ தாராளமாக வாங்கலாம். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். பெரும்பாலும் கரண்ட் பில்லைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள், அதற்கு அப்புறம் வருகிறேன். என்னைப் படுத்தியது நேரம். டிரம் ஒன்றுதான், அது ஒரு துணியைக் காய வைத்துக்கொண்டிருக்கும்போது அடுத்த துணியைத் துவைக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம், ஆனால் வாங்குகிற அன்று யாருக்கும் அது மண்டையில் ஏறுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். மெஷின் முகப்பில் பெரிசாக 9 கிலோ என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே சின்னதாக 6 என்று இருக்கும். துவைக்க 9, உலர்த்த 6. சூடான காற்று துணிகளுக்கு நடுவில் புகுந்து புறப்பட இடம் வேண்டுமே. ஆக டிரம் நிறையப் போட்டுத் துவைத்தால், துவைத்து முடிந்ததும் நாம் போய் மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுக்க வேண்டும், எடுத்ததை எங்கேயாவது விரிக்க வேண்டும், அப்புறம்தான் மிச்சத்தை உலர்த்த முடியும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் எல்லாம் காய்ந்திருக்கும் என்ற கனவு பாதி லோடு போடுகிறவனுக்கு மட்டும்தான். துவைக்கவும் உலர்த்தவும் சேர்த்து எங்கள் வீட்டு மெஷினுக்கு ஆறு மணி நேரம். பருத்தித் துணி என்றால் அதற்கு மேலும் இழுக்கும்.

உங்கள் வீட்டில் நர்ஸ் யூனிஃபார்ம் உண்டு. அதை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக, 60 டிகிரியில் போட வேண்டும், அது ஒரு லோடு. பள்ளிச் சீருடை ஒன்று. உள்ளாடை, துண்டு, சாரம் (லுங்கி), நைட்டி என்று ஒன்று. படுக்கை விரிப்பு ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மெஷினில் இன்னும் மூணரை மணி நேரம் பாக்கி என்று காட்டிக்கொண்டிருக்கும்போது எங்கள் சின்னவள் மத்தியானத் தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிட்டாள். கதவு பூட்டிக்கிடக்கிறது. உள்ளே மறுநாள் போட வேண்டிய சீருடை. நிறுத்தினால் அது ஈரம், நிறுத்தாவிட்டால் இது நாற்றம். கடைசியில் குளியல் தொட்டியில் நின்று மிதித்துத் துவைத்தேன், நம்ம ஊர் ஆற்றுப்படி மாதிரி கல் ஒன்று இல்லாத குறைதான்.

இன்னொன்று, மெத்தைப் போர்வைக்குப் போடும் உறை. அதைச் சின்னத் துணிகளோடு சேர்த்து வாஷர் டிரையரில் போடாதீர்கள். சுற்றச் சுற்ற அது வாயைத் திறந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆறு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் பலாப்பழம் மாதிரி ஒரே உருண்டை, மேலே தொட்டால் சுடுகிறது, உள்ளே கைவிட்டுப் பார்த்தால் காலுறைகள் எல்லாம் சொட்டச் சொட்ட அப்படியே இருக்கும். உறையின் பொத்தானைப் போட்டுவிட்டுத் தனியாகப் போடுங்கள்.

காய வைப்பது என்றால் நமக்குக் கொடிக்கயிறும் காற்றும்தான். ஆரல்வாய்மொழிப் பக்கம் வீடு உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள், துணி காய்ந்ததா என்று கேட்க மாட்டார்கள், துணி கிடக்கிறதா பறந்துவிட்டதா என்றுதான் கேட்பார்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்றாலும் இரண்டு மழைக்கு நடுவில் ஒரு வெயில் எட்டிப் பார்த்துவிடும். இங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்த எட்டிப் பார்ப்பதும் கிடையாது. அதனால் எல்லோரும் செய்கிற முதல் தப்பு, ரேடியேட்டர் மேலே துணியை விரித்து ஜன்னலையும் அடைத்துவிடுவது. 1400 சுற்றில் பிழிந்த பிறகும் பருத்தித் துணியில் அதன் எடையில் பாதி அளவுக்குத் தண்ணீர் இருக்கும், ஐந்து கிலோ துணி என்றால் இரண்டு லிட்டருக்கு மேல், அவ்வளவும் வீட்டுக் காற்றில் கலந்து, குளிர்ந்த சுவரில் போய் ஒட்டி, அலமாரிக்குப் பின்னால் கருப்பாகப் பூசணம் பிடிக்கும். குலசேகரம் பக்கத்தில் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மழைக்காலத்தில் காயாத ஷீட் எப்படிப் பூத்துப்போகும் என்று பார்த்திருப்பீர்கள். அங்கே ஷீட்டைப் புகையில் போட்டுக் காப்பாற்றலாம். இங்கே வீட்டுக்காரர் அட்வான்ஸில் கை வைப்பார்.

சரி, கரண்ட். மெஷினில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இரண்டு வரிசை எழுத்து இருக்கும், ஏ முதல் ஜி வரை, ஏ என்றால் கரண்ட் குறைவு, ஜி என்றால் அதிகம். இடது பக்கம் துவைத்து உலர்த்துவதற்கு, வலது பக்கம் துவைக்க மட்டும். கடைக்காரர் வலது பக்கத்தைக் காட்டுவார், நீங்கள் இடது பக்கத்தைப் பாருங்கள். கீழே உள்ள எண் 100 தடவை ஓட்டினால் எத்தனை யூனிட் என்பது. சாதாரண வாஷர் டிரையரில் இடது பக்க எண் 300க்கு மேல்தான் இருக்கும், சிலதில் 400-ஐத் தொடும். அதாவது ஒரு தடவைக்கு மூன்று, நான்கு யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் தடவைக்கு ஏறக்குறைய ஒரு பவுண்ட். தனியாக ஒரு ஹீட் பம்ப் டிரையர், அதாவது சூட்டை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி உலர்த்துகிற வகை, வைத்தால், ஹீட்டர் போட்டு உலர்த்துகிற பழைய வகையைவிடப் பாதிக்கும் குறைவான கரண்ட்டில் காரியம் முடிந்துவிடும், சூடும் குறைவு என்பதால் துணியும் தாங்கும். ஹீட் பம்ப் வைத்த வாஷர் டிரையரும் இப்போது வருகிறது. விலையைப் பார்த்தால் இரண்டு மெஷினைத் தனித்தனியாகவே வாங்கிவிடலாம் போலிருக்கும், டிரம் பிரச்சினையும் தீராது.

தண்ணீர்ச் செலவு பற்றி யாரும் சொல்வதில்லை. பல வாஷர் டிரையர்கள் துணியிலிருந்து வரும் ஆவியைக் குளிரவைக்கக் குழாய்த் தண்ணீரை உள்ளே ஓட விடுகின்றன. வந்திருந்தபோது எங்கள் அம்மா மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுவிட்டு, “லே மக்களே, வெள்ளம் விட்டாக்கும் இது துணிய உணக்குது?” என்றாள், தண்ணீர் விட்டா துணியைக் காயவைக்கிறது என்று. நாகர்கோவிலுக்குப் போன் போட்டுச் சித்தியிடமும் அதைச் சொல்லிச் சிரித்தாள். வீட்டில் தண்ணீர் மீட்டர் இருந்தால் சிரிப்பு வராது.

இப்போது முக்கியமானது, தேங்காய் எண்ணெய். நாம் தலையில் எண்ணெய் வைக்கிற கூட்டம், தலையணை உறை, தலை துவட்டுகிற துண்டு, அடுப்படித் துணி எல்லாவற்றிலும் எண்ணெய் இருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், இங்கே குளியலறையில் பாட்டில் வெண்ணெய் மாதிரி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கரண்ட்டை மிச்சம் பிடிக்க 20 டிகிரியில் துவைத்தால் எண்ணெய் போகாது, துணியிலேயே நிற்கும். அந்தத் துணியை டிரையர் சூட்டில் போட்டுக் குவியலாக விட்டால் எண்ணெய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கிற ஆபத்து உண்டு, எந்த டிரையரின் கையேட்டிலும் சமையல் எண்ணெய் பட்ட துணி பற்றி எச்சரிக்கை இருக்கும். எண்ணெய்த் துணியை 60 டிகிரியில், சோப்பைத் தாராளமாகப் போட்டுத் துவைத்துக் கொடியில் போடுங்கள். மற்ற துணிக்கும் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் சூடில்லாமல் சுற்றுவது ஆற வைக்கத்தான், அவசரப்பட்டு நடுவில் நிறுத்திக் கூடையில் அமுக்கி வைக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் வயரிலும் வேண்டாம், நேராகச் சுவர் பிளக்கில்.

பஞ்சு விஷயமும் உண்டு. தனி டிரையரில் சல்லடை இருக்கும், ஒவ்வொரு தடவையும் கையால் உரித்து எடுத்துவிடலாம். வாஷர் டிரையர் பலவற்றில் அது டிரம்மிலும் கதவு ரப்பரிலும் ஒட்டிக்கொண்டு, துண்டு காய வைத்த அடுத்த நாள் கருப்பு பேண்ட் துவைத்தால் பேண்ட் முழுக்க வெள்ளைப் பொடி. நடுவில் ஒரு தடவை காலியாக அலசவிட்டு ரப்பரை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அதற்கும் அரை மணி நேரம்.

இடமில்லையே என்பீர்கள். தனி டிரையருக்குக் குழாய் இணைப்பு வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் இதில் மாட்டுகிறார்கள். ஹீட் பம்ப் டிரையருக்குக் குழாயும் வேண்டாம், சுவரில் ஓட்டையும் வேண்டாம், தண்ணீர் ஒரு தொட்டியில் சேரும், நாம் ஊற்றிவிடலாம். காற்றோட்டம் உள்ள மாடிப்படிக்குக் கீழே வைக்கலாம், அல்லது அதற்கென்று விற்கிற சட்டம் போட்டு வாஷிங் மெஷின் தலையில் ஏற்றலாம், இரண்டும் சேர்ந்து 170 சென்டிமீட்டர்தான் வரும். குளிர்ந்த கராஜில் மட்டும் வேண்டாம், 5 டிகிரிக்குக் கீழே போனால் ஒழுங்காக ஓடாது. அதுவும் முடியாதென்றால் நல்ல வாஷிங் மெஷின் ஒன்று, மடக்குகிற துணி ஸ்டாண்ட் ஒன்று, ஈரம் உறிஞ்சுகிற டீஹியூமிடிஃபையர் ஒன்று. சின்ன அறைக்குள் ஸ்டாண்டையும் அதையும் வைத்துக் கதவைச் சாத்தினால் மறுநாள் காலையில் காய்ந்திருக்கும். நாங்கள் இப்போது இப்படித்தான். சீருடைக்கும் யூனிஃபார்முக்கும் பாலியஸ்டர் கலப்பு என்பதால் அரை ராத்திரி போதும்.

வளைகுடாவிலிருந்து இங்கே மாறி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே துணி ஒரு மணி நேரத்தில் மொறுமொறு என்று காய்ந்ததை மறந்துவிடுங்கள்.

வீட்டோடு வாஷர் டிரையர் வந்துவிட்டதா, தூக்கி எறிய வேண்டாம். துவைக்க மட்டும் வைத்துக்கொண்டு, துண்டும் உள்ளாடையும் மட்டும் பாதி லோடாக உலர்த்துங்கள். முழு வேகத்தில் பிழிய விடுங்கள், சுற்றிப் பிழிவது மலிவு, சூடு போட்டு ஆவியாக்குவதுதான் காசு. பட்டு, கம்பளி, ஊரிலிருந்து கொண்டுவந்த கைத்தறி உள்ளே போகக் கூடாது. என் சாரம் ஒன்று பையனுக்குச் சரியாகிவிட்டது. வெளியே எடுக்கும்போது ஈரமாகத் தோன்றினால் பதறி மறுபடியும் ஓட விடாதீர்கள், பாதி ஆவிதான், உதறிப் பத்து நிமிடம் விரித்துவிட்டு இடுப்புப் பட்டையையும் தையல் மடிப்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள், அங்கே குளிர்ந்தால்தான் ஈரம்.

தம்பி, வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் காசு போட்டுத் துவைக்கிற லாண்ட்ரெட் கடையில் போட்டு எத்தனை லோடு வருகிறது என்று எண்ணுங்கள். நாலுக்கு மேல் என்றால் வாஷர் டிரையர் பேச்சே வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே உள்ள இடத்தின் அகலம், உயரம், பக்கத்தில் பிளக் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள், எந்த அளவு உள்ளே போகும் என்று சொல்கிறேன். வாசல் கதவையும் அளந்துவிடுங்கள், எங்கள் மெஷின் ஒரு மணி நேரம் தெருவில் நின்றது.